பியூரெட்டில் மும்மாகாணி

1930களில் மதுரையில் இன்டர்மீடியட் படித்தபோது என் தலையெழுத்து ஒரு கண்ணாடிக் குழாயிடம் போய் மாட்டிக்கொண்டது. பியூரெட் என்பார்கள். மேலிருந்து கீழ்வரை கன சென்டிமீட்டரைக் குறிக்கும் சிசிக் கோடுகள், ஒவ்வொரு சிசிக்குள்ளும் பத்துப் பொடிக் கோடுகள். அதிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கீழே குடுவையில் ரோஸ் நிறம் மறைந்ததும் எத்தனை சிசி இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும்.

எனக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. ரசாயனச் செய்முறைத் தேர்வில் தேறாமல் அது நடக்காது. வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் வயலில் அண்ணன் ஒற்றை ஆளாக உழுதுகொண்டிருந்தான். “ரெண்டு வருசம் படிச்சுக்க. தவறிருச்சு, மறுபடி எழுதுறேன்னு வந்து நிக்கக் கூடாது. வயலுக்கு வந்துரணும்” என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஊர்ப் பள்ளியில் நான் கத்திக் கத்திப் படித்தது கீழ்வாய் என்ற பழைய பின்னக் கணக்கு. கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. எதைப் பார்த்தாலும் என் கண் பாதி பாதியாகத்தான் வெட்டும். பத்தாக வெட்டு என்றால் முழிக்கும். பியூரெட் முன்னால் நின்றால் பொடிக் கோடுகள் எனக்குத் தெரியவே தெரியாது. பதினேழே அரைக்கால் என்று பளிச்சென்று தெரியும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் தசமத்துக்கு மாற்ற ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அரைக்கால் என்றால் .125, மூன்று மாகாணி சேர்ந்த மும்மாகாணி என்றால் .1875. எங்கள் ஆசிரியர் கடைசி விடையை மட்டுமே பார்ப்பார். அது சரியாகவே இருக்கும். என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

தேர்வுக்கு வந்தவர் வெளியூர்ப் பரீட்சகர். என் தாளை எடுத்தார். 17.125, 17.1875, மறுபடியும் 17.125. அவர் முகம் மாறியது.

“இந்தக் குழாயில் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் பார்க்க முடியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இரண்டு, சார்.”

“நீ நாலு பார்த்திருக்கிறாயே?”

“பதினாறில் மூன்று பங்கு, சார். அதைத்தான் மாற்றி எழுதினேன்.”

“பதினாறா? இதில் பதினாறு கோடு எங்கே இருக்கிறது, காட்டு.”

எங்கே காட்டுவது? பத்துக் கோடுதான் இருந்தது. தமிழில் விட்டிருந்தால் விளக்கியிருப்பேன். அவருக்கும் தமிழ் தெரியும். ஆனால் அந்த அறையில் தமிழ் பேசக் கூடாது. எனக்கிருந்த ஆங்கிலம் நாலு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது.

“சரி, இப்போது பார்த்துச் சொல்” என்றார். குனிந்து பார்த்தேன். அதே அரைக்கால். பயத்தில் வாய் தானாகக் குறைத்துக்கொண்டது. “பதினேழு புள்ளி ஒன்று இரண்டு, சார்.”

“இப்போது மட்டும் இரண்டு இலக்கம் வருகிறது. அப்படியானால் தாளில் இருப்பது பார்த்து எழுதியது அல்ல. விடையை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாய்.”

சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். காப்பியடித்தவன்கூட நாக்கைப் புரட்டித் தப்பித்திருப்பான். கண்ணால் கண்டதை எழுதிய நான் திருடன் மாதிரி நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ரசாயனத்தில் போய்விட்டது. ஊருக்கு வந்து, வரப்பில் நின்றிருந்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“நீ பாத்தது மும்மாகாணிதானா?”

“ஆமாப்பா. கண்ணால பாத்தேன்.”

“பெறகு வேற என்னத்த எழுதுறதாம்? அந்தாளுக்குத்தான் கணக்குத் தெரியல.”

ஒரு வார்த்தைகூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு அண்ணன்கூட வந்துரு” என்றார்.