விளக்கெண்ணெய் குடித்த பட்டாளத்து லாரி

பட்டாளத்து வண்டியைப் பழுது பார்ப்பவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று துரு, இன்னொன்று பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்கள். துருவையாவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான் சண்டையில் பட்டாளத்துக்காக அசாம் ரோட்டில் லாரி ஓட்டிவிட்டு, சண்டை முடிந்ததும் ஊர் திரும்பினேன். பட்டணத்தில் பட்டாளத்து வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. கே.ஜி.கண்டிகையில் எங்களுக்கு இருந்த ஒரே கழனியைப் போக்கியத்துக்கு விட்டு ஒரு லாரியை எடுத்தேன். மீட்கும் வரை கழனி அடுத்தவர் கையில். என் மனைவி ரங்கம்மா, தன் கழனியிலேயே கூலிக்கு நாற்று நடப் போனாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை, எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

எட்டு மாடு பூட்டிய மோட்டார்

பட்டணத்திலிருந்து ஜம்மென்று ஓட்டி வந்தேன். கனகம்மாசத்திரம் கடைத்தெரு நடுவில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. பெட்ரோல் டாங்கியில் பெட்ரோலைவிடத் துரு அதிகம். அந்த ஊர் நாயுடு, நிலக்கடலை மண்டி வைத்திருப்பவர், வேடிக்கை பார்க்க வந்தவர், தன் மாடுகளையே அவிழ்த்துக் கொடுத்தார். நான்கு ஜோடி மாடு பூட்டி, நான் மட்டும் கம்பீரமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திருத்தணியில் மலையடிவாரத்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம்.

வண்டி நாயுடுவுக்குப் பிடித்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஓட வைத்துக் காட்டினால் தானே வாங்கிக்கொள்வதாகவும், ஏலத்தில் எடுத்த இன்னும் நாலு வண்டியை என்னிடமே பழுதுக்கு விடுவதாகவும் சொன்னார். ஒரு நாள் தாண்டினாலும் பட்டணத்து மெக்கானிக்குக்குப் போய்விடும். என் கழனி திரும்புவது இந்த ஒரு வாக்கில்தான் இருந்தது. "ஆகட்டுங்க" என்றேன். மாட்டை ஓட்டி வந்தவர் மட்டும் மூக்கணாங்கயிற்றைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "மோட்டார் வந்தா மாட்டுக்கு வேல போயிடும்னாங்க. இங்க மோட்டார இழுக்கறதே மாட்டுக்கு வேலயா கீது."

கதவில் மூன்று ஓட்டை

வலது கதவில் மூன்று குண்டு ஓட்டை. அவற்றைப் பார்த்ததும் நாயுடுவின் முகம் மாறியது. "ஏமப்பா, இதுல யார்னா செத்துட்டாங்களா?" என்று இரண்டு அடி பின்னால் நகர்ந்து கேட்டார். ஓட்டை இருக்கும் உயரத்தைக் காட்டி, குண்டு பட்டிருந்தால் முழங்காலில்தான் பட்டிருக்கும் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. பச்சைப் பெயிண்ட், எண்கள், சீட்டுக்கடியில் இருந்த தகரப் பெட்டி, சண்டையை ஞாபகப்படுத்தும் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்றார்.

பெயிண்டைச் சுரண்டினேன். ஓட்டைகளை அடைத்தேன். பெட்டியைத் தூக்கி எறிய மட்டும் மனசு வரவில்லை. உள்ளே மெழுகுத் தாளில் சுற்றி, பவுடர் தூவி, பிரேக்குக்கான ரப்பர் வாஷர்கள் இருந்தன. ஏதோ ஒரு தேசத்தில் யாரோ குழந்தைக்குச் சட்டை மடிப்பதுபோல் மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கொட்டகைப் பரணில் ஒளித்து வைத்தேன். போகும்போது நாயுடு, "எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கு மட்டும் வெச்சா போறாது, ஸ்டெப்னிக்கும் ஒண்ணு வெச்சிடு" என்றார்.

முக்காடு போட்ட விளக்கு

குண்டு போட வரும் விமானத்துக்குத் தெரியக் கூடாதென்று, முன்விளக்குகளுக்கு முக்காடு போட்டதுபோல் ஒரு தகர மூடி. வெளிச்சம் கீறல் அளவுதான் கசியும். அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டைவண்டிக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் விளக்கு கண்ணில் அடித்து, அவர் மாடு இரண்டு முறை ஏரிக்கரையில் இறங்கியிருக்கிறதாம். நாயுடுவை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், ஜப்பான்காரனுக்குப் பயந்து செய்த மூடி இந்த ஊர் மாட்டுக்கு உதவட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அவர் நெஞ்சாரச் சொன்னார்: "நீ நல்லா இருப்பே நைனா. சண்ட போட்டவனுக்கு இல்லாத அறிவு மூடி செஞ்சவனுக்காச்சும் இருந்துகீது."

கம்பவுண்டர் கேட்ட கேள்வி

பிரேக் எண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை. பட்டாளத்தில் எங்களுக்குத் தெரிந்த உபாயம் ஒன்று உண்டு: விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றினால் பிரேக் கும்மென்று பிடிக்கும், ரப்பரும் கெடாது. மற்ற எந்த எண்ணெயும் ஆகாது. மச்சான் வேலுவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலு ரங்கம்மாவின் தம்பி. மரவேலையில் கெட்டிக்காரன், லாரிக்குப் பலகை அடிப்பவன். கேட்டதை எல்லாம் நம்பிவிடுவான்.

ஒரு டின் விளக்கெண்ணெய் கேட்டதும் கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றினார். லாரிக்கு என்றேன். அவர் சிரிக்காமல் அளந்து ஊற்றிக்கொண்டே கேட்டார்: "வண்டிக்கு எத்தினி நாளாப்பா வெளிய போவுல?"

மச்சான் செய்த உபகாரம்

கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால், ஜில்லாத் தலைநகர் சித்தூரிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் சீட்டுக் கொடுத்தால்தான் வண்டி ரோட்டில் ஓடலாம். கண்டிகை ரோட்டுக்கு ஓட்டச் சொன்னார். நாயுடுவும் ஏறிக்கொண்டார், வேலு சைக்கிளில் பின்னால் வந்தான். ஒரு பக்கம் எங்கள் கழனி. வரிசையில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த ரங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்து" என்றார் இன்ஸ்பெக்டர். மிதித்தேன். கோடு போட்டதுபோல் நின்றது. நாயுடு கைதட்டினார். "எடு" என்றார் இன்ஸ்பெக்டர். எடுத்தேன். வண்டி அசையவில்லை. இஞ்சின் கத்துகிறது, நாலு சக்கரமும் தரையோடு ஆணி அடித்ததுபோல் நிற்கிறது.

இறங்கி பிரேக் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. வேலு பெருமையோடு முன்னால் வந்தான். "முந்தாநேத்து சக்கரத்தாண்ட ஒரு சொட்டு ஒழுகிச்சு பாவா. வெளக்கெண்ண குடிச்சா ஒழுகாம இன்னா பண்ணும்? அதான் பாதிய எடுத்துட்டு, கெட்டியா இருக்கட்டும்னு இஞ்சின் ஆயில் ஊத்தினேன்." ரப்பர் வாஷர் அத்தனையும் அதில் ஊறி வீங்கிக் கிடந்தன. எனக்கு அழுகை வந்தது. கழனியைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு வர்றேன், விட்டா அடுத்த மாசந்தான்" என்று சொல்லி நடக்கத் தொடங்கியவர் திரும்பினார்: "நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினே, சரி. இங்கியே குடியிருக்கச் சொல்லலியேப்பா."

பரணில் இருந்த பெட்டி

கையில் நாலு மணி நேரம். அசாம் ரோட்டில் இதைவிடக் குறைந்த நேரத்தில், மழையில் படுத்துச் செய்த வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலுவைச் சைக்கிளில் கொட்டகைக்கு விரட்டினேன். தகரப் பெட்டியும் மிச்சமிருந்த விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் வந்தன. பெட்டியைப் பார்த்ததும் நாயுடு வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு வாஷர், பெடலுக்குப் பெரியது ஒன்று. எண்ணி வைத்ததுபோல் இருந்தன. நடுரோட்டில் சக்கரங்களைக் கழற்றி, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, புது வாஷர்களை மாட்டி, விளக்கெண்ணெய்க் கலவையை ஊற்றினேன். வேலு யோசனை எதுவும் சொல்லாமல், கேட்ட சாமானை மட்டும் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்குத்தான் அவன் எனக்கு உண்மையான உபகாரம் செய்தான்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் ஐந்து முறை நிறுத்தச் சொன்னார். ஐந்து முறையும் நின்றது, ஐந்து முறையும் கிளம்பியது. சீட்டு எழுதிக் கொடுத்தார். நாயுடு என் தோளைத் தட்டி, மற்ற நாலு வண்டியும் மறுநாளே வரும் என்றார். வண்டியைக் காலையில் ஒப்படைத்தால் போதும், அந்தப் பெட்டியும் அதிலேயே இருக்கட்டும் என்றார். ரங்கம்மா வரப்பேறி வந்தாள். முழங்கால் வரை சேறு. வண்டிக்குள் நான் புதிதாகப் போட்ட இருக்கையில் அப்படியே ஏறி உட்கார்ந்தாள். நான் இருக்கையைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "இன்னா பாக்கறே? இது நம்ம கழனி சேறு. எங்கியும் போவாது, நீ வண்டிய எடு."

ஆகவே என்னைப் போல் பட்டாளத்து வண்டிகளோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, எதைக் கழற்றினாலும் தூக்கி எறியாமல் பரணில் பத்திரமாக வையுங்கள், விளக்கெண்ணெயை மட்டும் மச்சானுக்கு எட்டாத பரணில் வையுங்கள்.