திதி வீட்டில் முதல் இலை

எனக்குச் சர்க்கரை வந்தபோது இருபத்தாறு வயது. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை. திருப்புலிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிற முதல் மருமகள் நான்தான். எண்பதுகளின் கடைசி அது. உடனே வேலை செய்வது, மெதுவாக வேலை செய்வது என்று இரண்டு வகை இன்சுலினும் ஒரே சீசாவில் கலந்து கிடைக்க ஆரம்பித்திருந்த நேரம்.

காஞ்சிபுரத்து நர்சம்மா சொல்லித் தந்ததில் நான் ஒன்றைக்கூட மாற்றியதில்லை. சீசாவைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, அடியில் தங்கிய வெள்ளை முழுக்கக் கலந்து பால் மாதிரி ஆகும்வரை மெதுவாக உருட்ட வேண்டும். சீசாவில் நாற்பது யூனிட் என்று இருந்தால் ஊசிக் குழாயிலும் அதே நாற்பது என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பிவிடும். நேற்று குத்திய இடத்தில் இன்று குத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், போட்ட அரை மணியில் சாப்பாடு; இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து.

"சோறு ரெடியா கீதான்னு பாத்துட்டு அப்பறம் ஊசியத் தொடு" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அதை ஒரே ஒரு நாள் மீறினேன். மாமனாரின் திதியன்று.

எங்கள் வீட்டில் படையல் போட்டு, காக்கா சோறு எடுக்கும்வரை யார் வாயிலும் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. "இன்னிக்கு ஒரு நாளு ஊசிய வுட்டுட்டா உயிரா பூடும்?" என்றார் மாமியார். போகும் என்றேன். அவருக்கு முகம் கடுத்துவிட்டது. எட்டரைக்குப் படையல், ஒன்பதுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். நம்பி எட்டரைக்குப் போட்டுக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெருநகர் கிராமத்திலிருந்து வர வேண்டிய நாத்தனார் வரவில்லை. பஸ் எங்கே நின்றதோ. "பொண்ணு வராம அப்பனுக்குப் படையலா?" என்று மாமியார் படையல் இலையைப் போடவே விடவில்லை. சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் ஆவி பறக்க மூடிக் கிடந்தன. ஒன்பதும் தாண்டியது. எனக்கு ரவிக்கை தொப்பலாக நனைந்துவிட்டது. கரண்டி கையில் நிற்கவில்லை. என் மூன்று வயது மகள் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. அப்போதுதான் பயந்தேன். பயம் வந்த அதே நொடியில் கோபமும் வந்தது.

பாயசத்துக்கு உடைத்ததில் மிச்சமிருந்த வெல்லத்தை எடுத்து வாயில் போட்டு மென்றேன். நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் கூடத்துக்கு நடுவில் ஒரு இலையை விரித்தேன். சோறும் சாம்பாரும் நானே போட்டுக்கொண்டு, பங்காளிகள் அத்தனை பேரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"செத்தவருக்கு மின்னாடி நீ துன்றியா? இன்னா பொம்பள நீ!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரு காத்துக்கினு இருப்பாரு அத்தே, அவருக்கு அவசரமில்ல. நான் காத்துக்கினு இருந்தா அடுத்த வருசம் ரெண்டு எல போடணும்."

என் புருஷன், அம்மா எதிரில் வாயே திறக்காத மனுஷர், உள்ளே போய் ரசச் சொம்போடு வந்தார். "ஊத்தட்டா?" என்றார். ஊற்றினார். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் எழுந்திருக்கவில்லை.

நாத்தனார் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். படையல் போட்டார்கள். காக்கா ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. சாயந்திரம் வரை வீடே பட்டினி. பழி முழுக்க என் தலையில்தான் விழுந்தது. விழட்டுமே. அந்தப் பழியைக் கேட்டுக்கொள்ள நான் உயிரோடு இருந்தேன், மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.