பூட்டுக்காரி மைக்கைப் பிடித்த நாள்

என் இரண்டாவது மருமகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றால், நர்ஸா டாக்டரா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. அவள் ஊசியைத் தொட்டதே கிடையாது. இருநூறு படுக்கை உள்ள அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழையாமல் காவல் காக்கிறாள். காவல் என்றால் கம்பும் தொப்பியும் இல்லை. மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு திரைகள், ஓயாமல் உறுமும் ஒரு ஏசி. அவ்வளவுதான். எல்லாவற்றையும் பூட்டு, பூட்டு என்று சொல்லித் திரிவதால் அங்கே அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர்.

முதலில் அவள் ரிசப்ஷனில் டோக்கன் கொடுக்கும் பெண்ணாகத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் காலையில் ஒரு கம்ப்யூட்டரும் திறக்கவில்லை. எவனோ எங்கிருந்தோ நுழைந்து அத்தனையையும் முடக்கிப் போட்டிருந்தான். ஒன்பது நாள் எல்லாமே காகிதத்தில்தான் நடந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று பார்க்க வழியில்லை. எப்போது சரியாகும் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, இவள் ஒருத்திதான் “எந்த வழியா உள்ள வந்தான்?” என்று கேட்டாளாம். அதன் பிறகு என் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு மூன்று வருடம் படித்துப் பரீட்சை எழுதி அந்த அறைக்குப் போனாள். தான்தான் படிக்க வைத்தேன் என்று என் மகன் சொல்லிக்கொள்கிறான். சும்மா சொல்கிறான். அவளாகப் படித்தாள். இதில் நான் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவள் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. மாதம் ஒரு முறை திருடன் அனுப்புவது போல அவளே ஊழியர்களுக்கு ஒரு பொய் மெயில் அனுப்புவாள். யார் ஏமாந்து பாஸ்வேர்டைப் போடுகிறார்கள் என்று பார்ப்பாள். சாமர்த்தியசாலிகள் பிடித்துக்கொள்ளட்டும் என்று அதில் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பாள். ‘பணி நேரம்’ என்பதை ‘பனி நேரம்’ என்று எழுதுவாள். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. திருடர்கள் அப்போதெல்லாம் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவார்கள், அதனால் சுழியைப் பாருங்கள் என்று வகுப்பே எடுத்தாள். ஏமாந்தவர்களின் பிரிவை நோட்டீஸ் பலகையில் போட்டுவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் அதை வைத்து ஒரே கேலியாக இருக்கும்.

மருந்தகத்து அண்ணன் மட்டும் ஒரு தடவைகூட மாட்டியதில்லை. “தங்கச்சி, என் கிட்ட உன் ரெண்டு சுழி வேகாது” என்று மார்தட்டுவார்.

அன்று என் முழங்காலுக்கு வைத்தியம் முடிந்து, அவள் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே முக்கால் இருக்கும். போன் அடித்தது. அவர்தான். அந்தச் சின்ன அறையில் அவர் பேசுவதும் எனக்குக் கேட்டது.

“தங்கச்சி, ஒரு சந்தேகம். எனக்கு இல்ல. என் சிநேகிதன் ஒருத்தனுக்கு.”

“சொல்லுங்கண்ணே.”

“பணி நேரம் மாறிடுச்சுன்னு அவனுக்கு மெயில் வந்திருக்கு. மூணு சுழி சரியா இருந்துச்சாம். அதான் நம்பி…”

“பாஸ்வேர்டு போட்டுட்டாரா?”

“போட்டுட்டான் போல.”

“உங்க சிநேகிதர் இப்ப எந்த நாற்காலில உக்காந்திருக்காரு?”

“என் நாற்காலிலதான்மா.”

அவள் முகம் போன போக்கை என்னவென்று சொல்வேன்! இந்த மாதம் அவள் பொய் மெயிலே அனுப்பவில்லை. வந்தது நிஜத் திருடன். அவன் சுழியெல்லாம் சுத்தமாகப் போடக் கற்றுக்கொண்டுவிட்டான்.

“நெட்டு வர்ற நீல ஒயரைப் புடுங்குங்கண்ணே!”

“ரெண்டு நீலம் இருக்கே!”

“ரெண்டையும் புடுங்குங்க!”

“ஐயோ, ஃபேனும் நின்னு போச்சு.”

“நிக்கட்டும்!”

விரல்கள் கீபோர்டில் பறந்தன. அவர் பெயரில் வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்து மருந்துப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தான். அவனை வெளியே தள்ளினாள். மருந்தகத்துக்கும் வார்டுகளுக்கும் நடுவே இருந்த இணைப்பை அறுத்தாள். மானேஜருக்கு அதற்குப் பிறகுதான் போன் போட்டாள். அவர் அந்தப் பக்கம் குதித்தார். அடுத்துக் கூப்பிட்ட தலைமை நர்ஸ் மட்டும், “சீட்டுல எழுதிக்கிறோம், ஓடிப் போய் மருந்து வாங்க எங்களுக்குக் கால் இல்லையா?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இன்னும் ஐந்து கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பொய்ப் பக்கத்துக்கு யாரோ போயிருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரிந்தது, எந்த ஆள் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் மாறி மாறி உட்காருவார்கள். எல்லாரையும் மொத்தமாகப் பூட்டினால் ஆபரேஷன் நடக்கும் அறையும் நின்றுபோகும். உள்ளே ஒரு நோயாளி வயிறு திறந்தபடி படுத்திருக்கிறார். பூட்டாமல் விட்டால் ஒன்பது நாள் கூத்து மறுபடியும் வரும். யார் என்று அவர்களே வாயைத் திறந்தால்தான் உண்டு.

“பலகையில போட்டு மானத்த வாங்கினவ கிட்ட எவன் வந்து சொல்வான் அத்தே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ரிசப்ஷனுக்கு ஓடினாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, நானும் லிஃப்டில் இறங்கினேன்.

டாக்டர்களைக் கூப்பிடும் மைக்கைப் பிடுங்கினாள். குரல் எல்லா மாடியிலும் கேட்டது.

“நான் பூட்டுக்காரி பேசறேன். பணி நேரம்னு வந்த மெயில் நான் அனுப்பினது இல்ல. அதுல பாஸ்வேர்டு போட்டவங்க இப்பவே ரிசப்ஷனுக்குப் போன் பண்ணுங்க. திட்டு கிடையாது. சுழியைப் பாத்து நம்புங்கன்னு சொல்லிக் குடுத்தது நான். தப்பு என்னோடது.”

ஒரு போன் வந்தது. எக்ஸ்ரே அறை. அடுத்தது, குழந்தைகள் வார்டு. மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. ஒவ்வொருவரின் பாஸ்வேர்டையும் அங்கேயே நின்று மாற்றினாள். இன்னும் இரண்டு பேர். போன் அடிக்கவே இல்லை.

அப்போதுதான் மானேஜர் வேகமாக வந்தார். “யாரைக் கேட்டும்மா மருந்தகத்த நிறுத்தினே?” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, அவள் அங்கே திறந்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்தார். மீதி இரண்டில் ஒன்று, அவர் முன்னால் இருந்த அதே ரிசப்ஷன் கம்ப்யூட்டர்.

“என் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடறேன்னு காலைல இருந்து நீதான் முடக்கி வச்சிருக்கே. அதனால இங்க உக்காந்து மெயில் பாத்தேன்” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

“சார், நீங்களா?”

ஆஸ்பத்திரியில் எல்லாக் கதவும் திறக்கிற பாஸ்வேர்டு அவருடையது! அவள் அதை மாற்றி முடிக்கும்வரை மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, மைக்கை எடுத்து, “மானேஜர் பேசறேன். நானும் ஏமாந்துட்டேன். இன்னும் ஒருத்தர் பாக்கி. வெக்கப்படாம சொல்லுங்க” என்றார். எங்கேயோ ஒரு வார்டில் குபீரென்று சிரிப்பு. அது அப்படியே அடுத்த வார்டுக்குத் தொற்றியது.

போன் அடிக்கவில்லை. படிக்கட்டில்தான் தடதடவென்று சத்தம் கேட்டது. துணி வெளுக்கும் பிரிவில் போர்வைக் கணக்கு எழுதும் அம்மா, நனைந்த கையோடு நான்கு மாடி இறங்கி ஓடி வந்தார். மூச்சு இரைத்தது.

“போன்… கிடைக்கல. நான்தான்மா… நானும் போட்டுட்டேன்.”

என் மருமகள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீபோர்டைத் தட்டினாள். வெளியிலிருந்து நுழைய ஒருவன் அந்த நிமிடமும் முட்டிக்கொண்டிருப்பதைத் திரையில் விரல் வைத்துக் காட்டினாள். அவன் முட்டினான், முட்டினான், பிறகு போய்விட்டான்.

“போயிட்டான்!” என்று அவள் கத்திய கத்தலில் டோக்கனோடு நின்ற நோயாளிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “இனிமே சத்தியமா அந்தக் கம்ப்யூட்டரத் தொட மாட்டேன்” என்றார்.

“ஐயோ, நல்லாத் தொடுங்கக்கா” என்றாள் என் மருமகள். “ஏதாவது ஆச்சுன்னா, இதே மாதிரி ஓடி வந்து சொல்லுங்க.”