மிஸ்வாக்குக் குச்சி

"நபிவழிலா, வாங்கிக்கங்க அக்கா" என்று பள்ளிவாசல் வாசலில் ஒருவன் மிஸ்வாக்குக் குச்சியை நீட்டினான். அந்தக் கார நெடி மூக்கில் ஏறியதும் சாச்சாவின் மேல் பழைய எரிச்சல் பொங்கியது.

போரில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடிப்பதற்கு முந்தைய காலம். வாப்பாவின் தம்பியான சாச்சா, நபிகளார் செய்தபடியே மிஸ்வாக்கால்தான் பல் துலக்குவார். உட்கார்ந்துதான் தண்ணீர் குடிப்பார்.

வாப்பா, "குர்ஆன் போதும்டா. நபிகளாரப் பத்தி ஆள் மாத்தி ஆள் சொன்ன ஹதீஸ் எதுக்கு?" என்பார்.

"அப்ப எப்படித் தொழுவீங்க காக்கா? அந்த விவரம் குர்ஆன்ல இருக்கா?" என்று சாச்சா கத்துவார்.

ஒரு நோன்பு மாதத்தில் பேச்சே நின்றது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

எனக்கு ஹதீஸ் சொல்லித் தந்ததும் சாச்சாதான். இறந்துபோன யூதர் ஒருவரின் ஜனாஸாவைத் தூக்கிப் போனபோது நபிகளார் எழுந்து நின்றாராம். "அவர் யூதராச்சே" என்றவர்களிடம், "அதுவும் ஓர் உயிர்தானே" என்றாராம். சொல்லும்போதே சாச்சாவுக்குக் கண் கலங்கும்.

பிறகு வாப்பா காய்ச்சலில் மௌத்தானார். ஜனாஸாவைத் தூக்கியபோது சாச்சா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, உங்க காக்கா போறாங்க!" என்று மாடி ஜன்னலிலிருந்து உம்மா கதறினார்.

சாச்சா எழவில்லை. அவர் வாயில் மிஸ்வாக்கு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.