டார்ட்மூர் மேட்டில் வயல் அளக்கப் போன கதை

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டார்ட்மூருக்குப் போக நினைப்பவர்கள் வழி கேட்டு எழுதுகிறார்கள். வழி சொல்வது சுலபம். ஆனால் நான் முதல்முறை அங்கே போனது சுற்றுலாவுக்கு அல்ல. அதனால் அந்தக் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு. லண்டனின் தெற்கே, மோர்டனில் அண்ணையின் குடும்பத்தோடு இருந்தேன். பகலில் ஒரு சலவைக் கடையில் வேலை. செவ்வாய் மாலைகளில் தொல்லியல் வகுப்பு. லண்டனுக்கு வந்தபின் எனக்கென்று நான் தேர்ந்தெடுத்த முதல் காரியம் அந்த வகுப்புத்தான். மே மாதம் வகுப்பில் எல்லோரும் டார்ட்மூருக்குப் போய், மத்திய காலத்தில் கைவிடப்பட்ட வயல்களை அளந்து வரைந்தார்கள். அதே நாளில் எனக்குக் குரோய்டனில் விசா நேர்முகம். இரண்டில் எதற்குப் போனேன் என்று சொல்லத் தேவையில்லை.

வரைபடம் இல்லாமல் வகுப்பை முடிக்க முடியாது, அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்றார் ஆசிரியர். நான் காத்திருக்க விரும்பவில்லை. நானே போய் அளந்து வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். தனியாகப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். வீட்டில் சொன்னபோது அண்ணை தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊரிலை எங்கடை காணியையே ஒரு நாளும் அளக்காதனீ, இஞ்சை வந்து ஆரின்ரையோ வயலை அளக்கப்போறியோ?"

"ஓம்" என்றேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்த பிலோமினாவுக்குத் தெரியும். மன்னாரைச் சேர்ந்தவள், என்னைவிட நான்கு வயது இளையவள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் வேலை. கணவர் அந்தோனி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் அவள் புறப்பட்டுவிட்டாள். வயல்களில் அவளுக்கு அக்கறை எதுவும் இல்லை. இரண்டு நாள் சமைக்காமல் இருக்கலாம் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

செப்டெம்பர் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். எம்25, எம்3, பிறகு ஏ303 நெடுஞ்சாலை. மோர்டனிலிருந்து ஏறத்தாழ இருநூறு மைல். ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. அங்கே மட்டும் முக்கால் மணி நேரம் போயிற்று. எக்ஸிடர் தாண்டி மலைப்பாதைக்குள் நுழைந்தபோது இரண்டு மணி. கடைசி ஆறு மைல் பாதையில் ஒரு கார்தான் போகலாம். எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். அன்று ஐந்து தடவையும் பின்னால் போனது நாங்கள்தான். தங்கிய இடம் ஒரு பண்ணை வீடு: இரண்டு பேருக்கு ஓரிரவுக்குக் காலைச் சாப்பாட்டோடு முப்பது பவுண்ஸ்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேட்டில் நின்றோம். மூர் என்பது மரமில்லாத மேட்டுவெளி. புல், பன்னம் என்கிற பெரணிச் செடி, முட்செடி, ஆடுகள், உச்சியில் ஒரு கருங்கல் பாறை. பிலோமினா சுற்றிவரப் பார்த்தாள்.

"இதுக்கோ அக்கா இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?"

சரிவில் கொஞ்சம் கீழே கூட்டிப்போய், வெயில் வரும் திசையைப் பார்த்து அவளைக் குந்தச் சொன்னேன். காலை வெயில் சாய்ந்து விழும்போது புல்லுக்கு அடியில் இருக்கும் நிலத்தின் உருவம் நிழலாக எழும்பும். மேடும் சாலுமாக, சரிவு முழுவதும், ஒரே அகலத்தில் நீளமான கோடுகள். அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன் எருதுகளைப் பூட்டி உழுத சால்கள். ஓட்ஸும் ரை என்ற தானியமும் விளைந்த இடம். கீழ்ப்பக்கத்தில் இரண்டு கல்வரப்புகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதையாக ஒரு ஒழுங்கை. அதன் முடிவில் ஒரு வீட்டின் அடிச்சுவர்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு பாதியில் ஆட்கள், மறு பாதியில் மாடுகள்.

மேல்பக்கத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்தது இருந்தது: வயல்களையும் திறந்த மேட்டுவெளியையும் பிரிக்கும் எல்லை வரப்பு. மேட்டுவெளிப் பக்கம் ஒரு பள்ளம், அதையொட்டி நெஞ்சளவு உயரத்துக்குச் செங்குத்தாகக் கல். வயல் பக்கம் மட்டும் மண் சரிவு. மான் உள்ளே பாய ஏலாது. தப்பி உள்ளே வந்துவிட்டால் அதை இலகுவாக வெளியே துரத்தலாம். இதைச் சொன்னபோது பிலோமினா, வேலி போட்டவனுக்கு மூளை இருந்திருக்கிறது என்றாள்.

அவள் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மறுநுனியைப் பிடித்துக் குறித்தேன். பகல் ஒன்றரைக்கு வயல்களை முடித்துவிட்டோம். எல்லைப் பள்ளத்தின் ஆழம் மட்டும் பாக்கி. கொண்டுவந்த மீன் பணிஸைச் சாப்பிட்டபின், உச்சிப் பாறையைப் பார்த்துவிட்டு வந்து அதை அளக்கலாம் என்றாள் பிலோமினா. அரை மைல்தான். போனோம்.

பாறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது மூடுபனி, ஊரில் புகார் என்போமே, அது இறங்கியது. தூரத்தில் வருவதைப் பார்த்து ஓடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பேச்சு முடிவதற்குள் எதிரே நின்ற பிலோமினாவின் முகம் மங்கிவிட்டது. எந்தப் பக்கத்தால் ஏறினோம் என்பது இருவருக்கும் குழம்பிவிட்டது. திசைகாட்டி காருக்குள் கிடந்தது. கீழே இறங்கினால் எங்கேயாவது றோட்டு வரும் என்று அவள் முன்னால் நடந்தாள். கால் மணி நேரத்தில் நிலம் ஈரமானது. பிறகு நெகிழ்ந்தது. பிலோமினா முழங்கால் வரை சேற்றில் இறங்கினாள். இழுத்து வெளியே எடுத்தபோது வலது கால் சப்பாத்து உள்ளேயே போய்விட்டது, கணுக்காலும் பிசகிவிட்டது.

பிழையான பக்கம் வந்துவிட்டோம் என்பது அப்போது தெரிந்தது. வயல்களுக்குப் பக்கத்தில் சேறு இருக்கவில்லை. பாறைக்குத் திரும்பி ஏறி, மறுபக்கத்தால் இறங்கினால், அந்த எல்லை வரப்பு வில்லைப்போல வளைந்து குறுக்கே கிடக்கும். எந்த இடத்தில் இறங்கினாலும் அதில் முட்டத்தான் வேண்டும். காலை முழுக்க அதை வரைந்த கை என்னுடையது, சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் நோகிற காலோடு மறுபடி மேலே ஏற வேண்டும் என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

"என்னாலை ஏலாது அக்கா," என்றாள். "நான் இதிலை இருக்கிறன். நீங்கள் போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"உம்மை விட்டிட்டுப் போனா, இந்தப் புகாருக்குள்ளை திரும்பி வந்து கண்டுபிடிக்கேலாது. எழும்பும்."

"வரப்பு வராட்டி?"

"வரும். அது எழுநூறு வருசமா அதிலைதான் கிடக்கு."

அவள் அழுதாள். பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். செபமாலையைச் சொல்லத் தொடங்கி, இடையில் மறந்து, மறுபடி தொடங்கினாள். என் சால்வையால் அவள் காலைச் சுற்றிக் கட்டினேன். அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டு ஏறினோம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை அவளுக்குக் காட்டிவிட்டால் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரிந்ததால், சலவைக் கடையில் நடக்கும் கதைகளை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

பாறையைக் கண்டு, மறுபக்கத்தால் இறங்கினோம். வெகுநேரம் புல்தான் வந்தது. பிறகு என் கால் ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. நீட்டிய கை குளிர்ந்த கல்லில் முட்டியது. செங்குத்தான கல். பிலோமினாவின் கையைப் பிடித்து அதில் வைத்தேன்.

"கல்லுப் பக்கம் எண்டா நாங்கள் வெளியிலை நிக்கிறம்," என்றாள் அவளே.

அவளைத் தூக்கி ஏற்றி, நானும் ஏறினேன். மறுபக்கம் மண் சரிவு. உள்ளே வந்துவிட்டோம். இனிக் கண் தேவையில்லை. உழவுச் சால்கள் நேரே ஒழுங்கையை நோக்கி இறங்குகின்றன. கால் ஏறி இறங்கினால் குறுக்கே போகிறோம். ஏறாமல் இறங்காமல் போனால் ஒரே சாலுக்குள் நடக்கிறோம். ஒரு சாலைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒழுங்கை வந்தது. வீட்டின் அடிச்சுவர் வந்தது. பிறகு காலையில் நாங்கள் நுழைந்த இரும்புக் கேற், அதற்கப்பால் கார். அப்போது மணி ஐந்தரை. பிலோமினா காரின் கூரையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வலது காலால் மிதிக்க முடியாமல் அவளால் ஓட்ட இயலவில்லை. அவ்வழியே வந்த ஒரு விவசாயி எங்களைப் பண்ணை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து அந்தோனிக்குப் போன் செய்தோம். பிள்ளைகளை அண்ணை வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் முதல் ரயிலில் வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை வானம் துடைத்த மாதிரி இருந்தது. பள்ளத்தின் ஆழம் இன்னும் பாக்கி என்று நான் வாய் திறக்கவே இல்லை. வீங்கிய காலைத் தலையணையில் வைத்தபடி பிலோமினாதான் சொன்னாள்.

"போய் முடிச்சுப்போட்டு வாங்கோ. அரைகுறையா விட்டா என்ரை காலுக்கு மரியாதை இல்லை."

இரண்டு மைல் நடந்து போனேன். இந்த முறை திசைகாட்டியோடு. நாடாவின் நுனியை ஒரு கூடார ஆணியில் கட்டிப் பள்ளத்தை அளந்தேன். பின்னேரம் அந்தோனி வந்து, பண்ணை வீட்டுக்காரரின் வண்டியில் காரை எடுக்கக் கேற்றடிக்குப் போனபோது, கம்பை ஊன்றிக்கொண்டு பிலோமினாவும் எங்களோடு வந்து இறங்கினாள். மாலை வெயில் மறுபக்கத்திலிருந்து சாய்ந்திருந்தது. சால்களையும் ஒழுங்கையையும் மாட்டுக்கு விட்ட பாதி வீட்டையும் அவளே அவருக்குக் காட்டி விளக்கினாள்.

அந்த வரைபடத்தோடு வகுப்பை முடித்தேன். அந்த மக்கள் ஏன் விட்டுப்போனார்கள் என்று வகுப்பில் எப்போதும் கேட்பார்கள். குளிர் கூடியது, மழை கூடியது, கொள்ளை நோய் வந்தது என்று பல பதில்கள் உண்டு. அங்கே சில வீடுகளுக்குப் பக்கத்தில் ஈரத் தானியத்தைக் காயவைக்கக் கட்டிய சூளைகளும் இருக்கின்றன. வெயில் உலர்த்த மறுத்த தானியத்தை நெருப்பில் உலர்த்தியிருக்கிறார்கள். ஒரு கெட்ட வருடத்தோடு எழும்பிப் போனவர்கள் அல்ல. எனக்கு அவர்களிடம் பிடித்தது அதுதான்.

இனிப் போகிறவர்களுக்கு. செப்டெம்பரைவிட மார்ச் நல்லது. பன்னம் சாய்ந்து கிடப்பதால் வரப்புகள் தெளிவாகத் தெரியும். காலை பத்துக்கு முன், அல்லது மாலையில் பாருங்கள். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. வடக்குப் பக்கத்தில் இராணுவம் சுட்டுப் பழகும் இடங்கள் உண்டு. சுடும் நாட்களை விசாரித்துவிட்டுப் போங்கள். கணுக்காலை மூடும் சப்பாத்து, திசைகாட்டி, வரைபடம் மூன்றும் கையில் இருக்கட்டும், காரில் அல்ல. வரப்பிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கூட வருபவருக்கு வயல்களில் அக்கறை இல்லாவிட்டால் பரவாயில்லை. நாடாவின் மறுநுனியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.