எங்கடை சணலும் இங்கரின்ரை கயிறும்

என்ரை மூத்த பேரன் பேர்கனில் டொக்டர். இளையவன் கப்பல் எஞ்சினியர். பேத்தி துஷி ஒஸ்லோவில் பல்மருத்துவம் முடித்துவிட்டாள். வாற ஆனியில் லார்ஸ் என்ற நோர்வேப் பெடியனோடு கலியாணம். நான் அஞ்சாம் வகுப்பு. நோர்வேயின் வடகோடிக் கடற்கரை ஊர் பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினனான். 2006 சித்திரையில் சம்பந்தி வீட்டுக்கு முதல்தரம் போய்வந்ததை, இப்படிப் போகப்போறவைக்காக இந்த இணையத்தளத்தில் எழுதுகிறேன்.

ஒஸ்லோவிலிருந்து ஸ்ட்ரோம்மனுக்கு ரயிலில் இருபது நிமிடம். பிறகு லார்ஸின் காரில் முப்பது கிலோமீற்றர், இரண்டு பக்கமும் பனி உருகின வயல். லார்ஸின் தாய் இங்கருக்குப் பொலிசில் வேலை. "அம்மம்மா, அங்கை குறைச்சுக் கதையுங்கோ," என்றாள் துஷி. எங்களை என்னவென்று நினைப்பினமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

இங்கர் தங்கடை பண்ணைக் களஞ்சியத்தைக் காட்டினா. பழைய கயிறு ஒன்று தொங்கியது. தடவிப் பார்த்தேன்.

"சணல் கயிறோ? நெல்லு வெட்டினாப் பிறகு எங்கடை வயலிலையும் சணல்தான் விதைக்கிறனாங்கள்."

துஷி அதை 'ஹாம்ப்' என்று மொழிபெயர்த்தாள். இங்கரின் சிரிப்பு நின்றது. எவ்வளவு நிலத்தில் என்று கேட்டா.

"பத்துப் பரப்பு, அரை ஏக்கருக்கு மேலை," என்றேன் பெருமையாய்.

"அம்மம்மா, ஹாம்ப் எண்டால் கஞ்சாச் செடியின்ரை இனமாம். இஞ்சை விதைக்கிறது குற்றம். நீங்கள் பொலிசுக்கு வாக்குமூலம் குடுக்கிறியள்."

"விசரி, எங்கடை சணலுக்கு மஞ்சள் பூ. காய்ஞ்ச காயை ஆட்டினால் கிலுகிலு எண்டும். பசளைக்கு உழுது மண்ணுக்கை தாட்டுவிடுறது. வடிவாச் சொல்லு."

அவள் சொன்னாள். "அப்ப இந்தக் குடும்பத்திலை குற்றவாளி என்ரை அப்பப்பா மட்டும்தான்," என்றா இங்கர். அந்தக் கயிறு அவர் விதைத்த ஹாம்ப்பில் திரித்ததாம்.

கோப்பி குடிக்கேக்கை மிச்சத்தைச் சொன்னா. அவர் காலத்தில் அது குற்றமில்லை. கயிறு, கப்பல் பாய், வலை எல்லாம் அதிலேதான். நைலோன் வந்து தேவை குறைந்தது. பிறகு போதைப்பொருள் சட்டம் செடியையே தடுத்தது. மயக்கம் தராத இனமும் தப்பவில்லை. பக்கத்து நாடுகளில் அனுமதியோடு விதைக்கினமாம்.

"கஞ்சாவுக்கும் அதுக்கும் ஒரே இலை. வயலிலை நிண்டு பொலிஸ்காரர் நாங்கள் எப்பிடிப் பிரிக்கிறது?" என்றா.

நியாயம்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஊரில் சோதனைச்சாவடியில் என்ரை தம்பியை பஸ்ஸால் இறக்கின ஆமிக்காரங்களும் அதைத்தான் சொன்னவங்கள், எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறியள் என்று. இதையும் துஷி சொல்லி முடித்தாள். இங்கர் எழும்பி என்ரை கோப்பையை நிரப்பினா.

போறவைக்கு: களஞ்சியம் குளிர், சால்வை வேணும். ஞாயிறில் ரயில் குறைவு. மொழிபெயர்க்கிற பிள்ளைக்குப் பயிரின் பெயரோடு பூவின் நிறத்தையும் முதலே சொல்லிவையுங்கோ.

வெளிக்கிடேக்கை இங்கர் என்னைக் கட்டிப்பிடித்து, "கலியாணத்துக்கு அந்த மஞ்சள் பூவைக் கொண்டுவந்து காட்டவேணும், நான் பொலிஸ்," என்றா. என்னட்டை இருக்கிற வயல் படம் கறுப்பு வெள்ளை. ஊரில் இப்ப சணல் பூத்திருக்கும். ஆராவது புதுசாய் ஒரு படம் எடுத்து இஞ்சை போடுங்கோ.