தலைமை நிர்வாகி வீட்டுத் துக்கம்

மூன்று மணிக்குச் சவ வண்டி மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்ப வேண்டும். சுவா சூ காங்கில் அங்கமுத்து குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். மணி ஒன்றாகியும் வந்திருந்தவர்கள் ஐந்தே பேர். பெட்டிக்குள் அவர் மனைவி சந்திரமதி. பிள்ளைகள் இல்லை. தூக்குவதற்குச் சவ வண்டிக் கம்பெனி ஆட்கள் தயார்தான். ஆனால் கூலிக்கு வந்தவர்கள் தோளிலா அவள் போவது? அந்த எண்ணமே அவரை வதைத்தது.

ஒரு காலத்தில் அவர் வாயசைத்தால் கூட்டம் கூடும். 'தீவொளி' நாளிதழின் தலைமை நிர்வாகி என்றால் சும்மாவா? பத்திரிகையைக் காப்பாற்றிய புண்ணியவான் என்பார் சிலர்; குழிதோண்டிப் புதைத்த பாவி என்பார் பலர். பத்தொன்பது பேரை ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார். அதோடு விட்டாரா? மரண அறிவிப்புப் பக்கத்தையும் நிறுத்திக் கைபேசிச் செயலிக்கு மாற்றினார். காலைக் கோப்பியோடு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் துக்கத்துக்கு ஓடுகிற சனம் நம் சனம்! "செத்தவங்களுக்கு எதுக்குய்யா காகிதம்?" என்று கேட்ட மனிதர் அவர். அடுத்த வருஷமே நிர்வாகக் குழு அவரையும் அனுப்பிவிட்டது. அதன்பின் அவரைத் தேடி ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

சந்திரமதியின் அறிவிப்பையும் அந்தச் செயலியில்தான் போட்டிருந்தார். யார் பார்த்தார்கள்?

ஒன்றரைக்கு டாக்சியில் வந்து இறங்கினார் பஞ்சவர்ணம். இருபத்திரண்டு வருஷம் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்; அந்தப் பத்தொன்பதில் ஒருவர். பின்னாலேயே செம்பவாங்கிலிருந்து அச்சுக்கூடத்து ஆட்கள், தேக்காவிலிருந்து விளம்பரப் பிரிவுக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். இரண்டரைக்கெல்லாம் நாற்காலி போதவில்லை.

"எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"யாரோ ஆப்ல பாத்துட்டுச் சொன்னாங்க, சார். காலையிலேருந்து நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன் அடிச்சேன்."

அங்கமுத்து கைகூப்பினார். "நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு..."

"உங்களுக்காக யாரும் வரலை லா, சார். வேலை போன மறுநாள்லேருந்து சந்திரமதி அக்கா எங்க அத்தனை பேருக்கும் போன் போட்டுப் பேசுவாங்க. என் மகளுக்கு வேலை தேடிக் குடுத்ததே அவங்கதான். 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சுவாங்க."

நாலு தோள் கேட்ட இடத்தில் பத்துத் தோள் முண்டியடித்தன. அங்கமுத்துவும் ஓரமாகக் கை கொடுத்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டிக் கதவைச் சாத்துமுன் பெட்டியின்மேல் சாய்ந்து ஓவென்று அழுதார்.

"உனக்கு எத்தனை பேர் பாத்தியா, சந்திரா? எனக்கு நீ ஒருத்திதானேடி இருந்தே!"